டிக்கோயா வீதியில் ஒரு பம்பர் வேலைத்தளம்: முன் இலக்கத் தகட்டின் பிராக்கெட்டைக் கழற்றிப் பூட்டிய அனுபவம்

ஹட்டன் நகரிலிருந்து டிக்கோயாப் பக்கம் செல்லும் வீதியோரத்தில், கார்களின் பம்பர்களையும் அவற்றோடு சேர்ந்த பிளாஸ்டிக் பாகங்களையும் மட்டுமே பழுது பார்க்கும் ஒரு சிறிய வேலைத்தளம் இருக்கிறது. எங்கள் வெகன் ஆர் காரின் முன் இலக்கத் தகட்டைத் தாங்கும் பிராக்கெட் உடைந்து போனதால், அதைக் கழற்றி, பம்பரில் விழுந்திருந்த ஓட்டைகளை அடைத்து, தகட்டை மறுபடியும் ஒழுங்காகப் பூட்டுவதற்காக அங்கே போனோம். வேலை திருப்தியாக முடிந்தது. மலையகத்தில் கார் வைத்திருக்கும் பலருக்கும் இதே தொல்லை இருப்பதாலும், பெரும்பாலான கராஜ்களில் இது ஐந்து நிமிட வேலையாக அலட்சியமாகச் செய்யப்படுவதாலும், என்ன நடந்தது என்பதை விவரமாக எழுதுகிறேன். பாஸ் எனப்படும் தலைமை மெக்கானிக்கும் ஓர் உதவியாளரும் மட்டுமே வேலை செய்யும் இடம் என்பதால், பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் போட வேண்டாம் என்று பாஸ் கேட்டுக்கொண்டார். வீதியோரச் சுவரில் பழைய பம்பர்கள் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருப்பதுதான் அடையாளம்.

பிராக்கெட்டைக் கழற்ற வேண்டும் என்று சொன்னவுடன் அவர் கருவியை எடுக்கவில்லை. “கழட்டிறலாம் டீச்சர், ஆனா பிளேட்ட எங்க மாட்டப் போறோம்னு மொதல்ல முடிவு பண்ணிக்குவோம்” என்றார். இந்த ஒரு கேள்விக்காகவே அந்த இடத்தை மற்றவர்களுக்குச் சொல்லலாம். ஏனென்றால் முன் தகடு இல்லாமல் இலங்கையில் கார் ஓட்ட முடியாது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட காரின் இலக்கம் முன்னாலும் பின்னாலும் தெளிவாகத் தெரிய வேண்டும். முன்னால் வெள்ளை நிறத் தகடு, பின்னால் மஞ்சள் நிறத் தகடு. பிராக்கெட் என்பது அந்தத் தகட்டைப் பிடித்துக்கொள்வதற்காகத் தரப்படும் ஒரு துணைப் பாகம் மட்டுமே. அது உடைந்தால் வேறொன்று பூட்டலாம், அது இல்லாமலும் தகட்டைப் பூட்டலாம். ஆனால் அதைக் கழற்றிய சாக்கில் தகட்டை டிக்கிக்குள் போட்டுக்கொண்டு ஓட்டுவதற்கு இடமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் டாஷ்போர்டில் சாத்தி வைப்பதும் சரியான வழியாகாது. வெயிலில் கண்ணாடி பளபளக்கும்போதும், மழையில் வைப்பர் ஓடும்போதும், அந்த இலக்கத்தை வெளியிலிருந்து யாராலும் வாசிக்க முடியாது.

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு அடிக்கடி எழுகிறது என்பதற்குக் காணொளிகளும் ஒரு காரணம். முன் பிராக்கெட்டைக் கழற்றி, ஓட்டைகளுக்கு வண்ண மூடி போட்டு, முகப்பை வெறுமையாக விடுவதைக் காட்டும் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புளோரிடா, பென்சில்வேனியா, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் முன் தகடு தேவையில்லை. கலிபோர்னியாவிலும் டெக்சாசிலும் நியூயோர்க்கிலும் கட்டாயம். ஒஹாயோ மாநிலம் 2020 ஜூலை மாதத்திலிருந்து அதை நீக்கிவிட்டது. கனடாவிலும் அப்படித்தான்: ஒன்டாரியோவில் கார்களுக்கு முன்னும் பின்னும் வேண்டும், கியூபெக்கிலும் அல்பர்ட்டாவிலும் பின்னால் மட்டும் போதும். அந்த இடங்களில் பிராக்கெட்டைக் கழற்றுவது அழகு சம்பந்தமான விடயம். இங்கே அது தகட்டை எப்படித் திரும்பப் பூட்டுவது என்ற விடயமாகிறது. நாங்கள் காத்திருந்த நேரத்தில் ஓர் இளைஞர் கைப்பேசியில் இப்படியொரு காணொளியைக் காட்டி, தன் காருக்கும் அதேபோல் முன்பக்கத்தைச் சுத்தமாக விட்டுத் தரும்படி கேட்டார். “தம்பி, பிராக்கெட்ட கழட்டித் தாறேன், பிளேட்டு பூட்டாம கார வெளிய அனுப்ப மாட்டேன்” என்று பாஸ் தன்மையாகச் சொல்லிவிட்டார். இளைஞர் போய்விட்டார். வரவேண்டிய கூலி போனதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் பிராக்கெட் உடைந்த கதை தோட்டப் பாதைகளில் கார் ஓட்டுபவர்களுக்குப் பழக்கமானது. கொழுந்து லொறிகள் ஓடி ஓடிக் குழிவிழுந்த பாதையில், வளைவு முடிந்து மேட்டில் ஏறும் இடத்தில் காரின் முகப்புத்தான் முதலில் நிலத்தைத் தொடும். தகடு பம்பரின் கீழ்ப்பகுதியில் இருந்தால், அதன் அடி விளிம்பு கல்லில் உரசி, பிராக்கெட்டின் கீழ்க் காதுகள் முறியும். எங்களுடையது அப்படி முறிந்த பிறகு, வேறொரு நகரத்தில் உள்ள ஒரு கராஜில், தகட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் பம்பருக்கும் சேர்த்து, நேராக நான்கு இரும்பு ஸ்குரூக்களை முறுக்கி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்குத் தகடு அசையாமல் நின்றது. வட்டவளைப் பக்கத்து மழை ஒரு பருவம் முழுவதும் அடித்த பிறகு, ஒவ்வொரு ஸ்குரூவிலிருந்தும் துரு வடிந்து, வெள்ளைத் தகட்டில் பழுப்பு நிறக் கோடுகள் இறங்கின; பம்பரில் ஓட்டையைச் சுற்றி விரிசலும் விழுந்தது.

கழற்றும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் தகட்டையும் பிராக்கெட்டின் ஓரங்களையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். மண் ஒட்டியிருக்கும்போது பிராக்கெட்டை அசைத்தால், மணல் தாளால் தேய்த்ததுபோல் பெயின்ட் கீறிப் போகும் என்பதால் இது தவிர்க்கக் கூடாத படி. பிறகு துருப்பிடித்த ஸ்குரூக்களுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, அது ஊறும் வரை வேறு வேலையைப் பார்த்தார். மூன்று ஸ்குரூக்கள் சுலபமாக வந்தன. நான்காவதின் தலை தேய்ந்து போயிருந்ததால், ஸ்குரூ டிரைவரைப் பலமாக அழுத்தாமல், தலையில் சின்ன அரத்தால் ஒரு வெட்டுப் போட்டு, தட்டையான டிரைவரை அதில் பதித்து மெதுவாகத் திருப்பினார். ஸ்குரூ சுற்றாமல் நின்று பம்பர் முறுக்கப்பட்டால் விரிசல் நீளும் என்று சொல்லிக்கொண்டே, மறு கையால் ஓட்டையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை அழுத்திப் பிடித்திருந்தார். பிராக்கெட்டின் நடுவில் இருந்த இரட்டைப் பக்க ஒட்டு நாடாவை இழுத்துப் பிய்க்கவில்லை; ஹீட் கன்னால் மெல்லச் சூடாக்கி, இரண்டு கைகளிலும் பிடித்த தூண்டில் நூலை அதற்குப் பின்னால் விட்டு, அறுப்பது போல் இழுத்து எடுத்தார். மீதிப் பசை விரலால் உருட்டி எடுக்கப்பட்டது.

பிராக்கெட் விலகியதும் அதன் பின்பக்கம் இருந்த நிலையைப் பார்த்தபோது, இந்தப் பாகத்தை இடைக்கிடையே கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதன் காரணம் புரிந்தது. காய்ந்து அப்பிய மண்ணும், சருகும், தேயிலைத் தூளும் அங்கே படிந்திருந்தன. மண்ணைக் கழுவியபோது, பிராக்கெட்டின் வடிவத்திலேயே பெயின்ட் மங்கிப் போயிருந்தது தெரிந்தது. வண்டியின் அதிர்வில் மணல் உராய்ந்து, மேல் வார்னிஷை அந்த அளவுக்குத் தேய்த்திருந்தது. அதற்கு வெளியே உள்ள பகுதி வெயிலில் வெளிறியிருந்ததால் இரண்டு நிறங்கள் தெரிந்தன. பொலிஷ் போட்டு மெருகேற்றிய பிறகு இந்த வேறுபாடு பெருமளவு குறைந்தது, முழுவதும் மறையவில்லை. மறையாது என்பதை அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

விரிசலைச் சரிசெய்த விதத்தைப் பற்றி கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இன்றைய கார்களில் முன்னால் தெரியும் பம்பர் பெரும்பாலும் பொலிபுரொப்பிலின் சேர்ந்த பிளாஸ்டிக்கால் ஆன உறை. மோதலைத் தாங்கும் உலோகச் சட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது. உறையின் உட்பக்கத்தில் அது எந்தப் பிளாஸ்டிக் என்பதைக் குறிக்கும் எழுத்துகள் வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பாஸ் டோர்ச் அடித்து எனக்கு அதைக் காட்டினார். உலோகத்துக்குப் பூசும் சாதாரணப் பட்டி இந்த வகைப் பிளாஸ்டிக்கில் நன்றாக ஒட்டாது. உறை வளையும்போது வெடித்து உதிர்ந்துவிடும். எனவே விரிசலின் நுனியில் ஒரு மிகச் சிறிய வட்டத் துளை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்தி, பிறகு உட்பக்கத்திலிருந்து அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி ஒட்டினார். வெளிப்பக்கத்தில் வழித்து, தேய்த்து, பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடிப்பதற்கான பிரைமர் அடித்து, நிறம் தொட்டார். பழைய ஓட்டைகளில் இரண்டை இதேபோல் நிரப்பினார். மற்ற இரண்டையும், பிராக்கெட்டுக்குப் பதிலாகத் தகட்டைத் தாங்கப் பூட்டிய புதிய உருக்குச் சட்டத்துக்கே பயன்படுத்திக்கொண்டார். புதிதாக ஓர் ஓட்டை கூடப் போடவில்லை என்பதே இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உள்ள ஓட்டையை அடைத்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்று போடுவது எல்லோருக்கும் சுலபம்; மறு தடவை தகடு இடம் மாறும்போது பம்பர் சல்லடையாகிவிடும்.

அந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதற்குத் தகட்டின் அளவுதான் காரணம். ஜப்பானில் தகட்டின் அளவு 330 மில்லிமீற்றர் அகலமும் 165 மில்லிமீற்றர் உயரமும். மேல் பக்கத்தில் 210 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு போல்ட்கள் பூட்டப்படும். அங்கேயும் முன் தகடு கட்டாயம் என்பதால், எங்களுடையதைப் போல ஜப்பானிலிருந்து இறக்குமதியான கார்களின் முகப்பில் அந்த அளவுத் தகட்டைப் பொருத்துவதற்கான இடம் (இருக்கை) செய்யப்பட்டிருக்கும். எங்கள் காரின் முன் தகடு அதைவிட நீளமானது, உயரம் குறைந்தது. அதனால் தகட்டின் இரண்டு முனைகளும் ஆதாரமில்லாமல் அந்தரத்தில் நிற்கும், வேகத்தில் படபடக்கும், கார் கழுவுபவர் துணியால் இழுத்தாலும் வளையும். அதற்குத் தீர்வாக, தகட்டின் முழு நீளத்துக்கும் பின்னால் நிற்கும் ஒரு மெல்லிய துருப்பிடிக்காத உருக்குச் சட்டத்தை, ஜப்பானிய இருக்கையின் அந்த இரண்டு பழைய துளைகளிலேயே பூட்டி, தகட்டைச் சட்டத்தில் பொருத்தினார். ஒவ்வொரு ஸ்குரூவின் கீழும் ஒரு நைலோன் வொஷர் வைத்தார். ஈரம் நிற்கும் இடத்தில் அலுமினியத் தகடும் உருக்கு ஸ்குரூவும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப் போகும். மாதக்கணக்கில் மழையும் பனியும் விடாத நம் ஊர்களில் இந்த வொஷர் அத்தியாவசியம். சட்டத்துக்கும் பம்பருக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் துண்டுகள் வைத்ததால், மண் தங்காமல் வழிந்துபோக இடமும் இருக்கிறது, அதிர்வில் பெயின்டும் தேயாது.

ஸ்குரூவின் நீளத்தை அவர் அளந்து வெட்டியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சிறிய கார்களில் பம்பரின் காற்றுத் துவாரத்துக்குப் பின்னால் அதிக இடைவெளி இல்லாமலேயே ஏசியின் கண்டென்சரும் அதற்குப் பின்னால் ரேடியேட்டரும் இருக்கின்றன. கடையில் கிடைத்த நீளமான ஸ்குரூவை அப்படியே முறுக்கினால், முகப்பில் ஒரு சிறிய மோதல் ஏற்படும்போது அதன் கூர்முனை கண்டென்சரைக் குத்திவிடக்கூடும். தகட்டை அந்தத் துவாரத்துக்கு நேர் முன்னால் வைக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரையிலும் றம்பொடைப் பக்கத்திலும் கார் குறைந்த கியரில் நெடுநேரம் ஏறும்போது, ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்காமல் இருப்பதே நல்லது என்றார். கல்லில் உரசாத அளவுக்குத் தகட்டைச் சற்று உயர்த்தி, ஆனால் துவாரத்தை மறைக்காத இடத்தில் வைத்துக் காட்டி, தூரத்தில் நின்று பார்க்கச் சொல்லி, என் சம்மதத்தைக் கேட்ட பிறகே பூட்டினார். தகடு நேராக நிமிர்ந்து நிற்கிறது; மேல்நோக்கிச் சாய்ந்தால் வெளிச்சத்தில் எழுத்துகள் தெரியாது என்பதற்காக, நீர்மட்டக் கருவி வைத்தும் பார்த்தார்.

முன் தகட்டை ஒரு தொல்லையாக நினைப்பவர்கள் ஒருமுறை நானுஓயா, ரதல்லப் பக்கத்தில் மாலை மூடுபனியில் வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தகட்டின் மேற்பரப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வகையைச் சேர்ந்தது. எதிரே வீதியோரம் விளக்கணைத்து நிற்கும் ஒரு கார், நம் விளக்கு வெளிச்சம் பட்டதும் முதலில் தகட்டால்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளை தெரிந்தால் முகப்பு நம்மைப் பார்த்து நிற்கிறது, மஞ்சள் தெரிந்தால் பின்பக்கம் என்பதும் அந்தக் கணத்தில் விளங்கும். அந்தத் தகட்டில் துருக் கோடு இறங்கினாலோ, கறுப்புச் சாயம் கலந்த பிளாஸ்டிக் மூடி போட்டாலோ, இந்தப் பயன் போய்விடுகிறது. அப்படியான மூடிகளைத் தாம் விற்பதில்லை என்று பாஸ் சொன்னதும் எனக்கு மரியாதையைக் கூட்டியது. கொழும்பில் 2024 ஜனவரியிலிருந்து சிசிடிவி கமெராக்களின் உதவியுடன் போக்குவரத்துக் குற்றங்கள் கண்டறியப்படுவதால், தலைநகருக்குப் போய்வருபவர்களுக்கும் வாசிக்கக்கூடிய தகடு அவசியமாகியிருக்கிறது. மங்கிய தகட்டில் ஓர் எழுத்து வேறொன்றாக வாசிக்கப்பட்டால், சம்பந்தமில்லாத ஒருவர் பதில் சொல்ல வேண்டிவரும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பற்றுச்சீட்டு கேட்டபோது, ஒரு கொப்பித் தாளில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். என்ன வேலை, என்ன பொருள் என்ற விவரம் அதில் இல்லை. காலையில் விட்ட கார் மாலையில்தான் கிடைத்தது. பெயின்ட் காய வேண்டும் என்பதால் அது நியாயம்தான், ஆனால் நேரத்தை முன்பே சொல்லியிருக்கலாம். வாடிக்கையாளர் உட்காருவதற்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை மட்டுமே உண்டு. மழை பெய்தால் தகரக் கூரையின் ஓரம் ஒழுகுகிறது. நிறக் கலவை இயந்திரம் இல்லாததால், பெயின்டைக் கண்ணால் பார்த்துத்தான் கலக்கிறார். எங்கள் காரின் வெள்ளி நிறத்துக்கு அது ஓரளவு பொருந்தியது; வெயிலில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தொட்ட இடம் தெரிகிறது. முத்துப் பூச்சு உள்ள வெள்ளை நிறக் கார்களுக்கு இந்த இடத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முகப்பில் ராடாரோ கமெராவோ சென்சர்களோ உள்ள புதிய மாதிரிகளின் பம்பரை முழுதாகக் கழற்றும் வேலையை அவரே ஏற்பதில்லை.

கூலி 3,500 ரூபாய். சட்டம், ஸ்குரூ, வொஷர் எல்லாவற்றுக்கும் 1,800 ரூபாய். நகரத்துக் கராஜ்களில் இதைவிடக் குறைவாகக் கேட்பார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூலிக்குக் கிடைத்தது நான்கு இரும்பு ஸ்குரூக்களும் ஒரு விரிசலும்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது என்பதால், நம் பாதைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை பழையவை. அவற்றின் பிளாஸ்டிக் வெயிலிலும் குளிரிலும் இறுகி, சுலபமாக முறியும் நிலையில் இருக்கிறது. நல்ல பம்பர் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால், இந்தக் கூலி எனக்குப் பெரிதாகப் படவில்லை. தென்மேல் பருவமழை முழுவதும் கழிந்த பிறகு பார்த்தேன்: தகட்டில் துருக் கோடு இல்லை, சட்டம் அசையவில்லை, அடைத்த இடத்தில் விரிசல் இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். தகடு கையோடு இருக்க வேண்டும். பாதையில் எங்கேயாவது கழன்று தொலைந்திருந்தால், முதலில் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய தகட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தெருவோரத்தில் ஸ்டிக்கர் வெட்டுபவரிடம் செய்துகொண்டு வந்தால் பாஸ் அதைப் பூட்டமாட்டார். உடைந்த பிராக்கெட்டின் துண்டுகள் கிடைத்தால் எறியாமல் கொண்டுபோங்கள், சில வேளைகளில் அதையே ஒட்டிச் சரிசெய்துவிடுகிறார். வேலை நடக்கும்போது தகடு இல்லாத காரைச் சாப்பாட்டுக்கென்று வெளியே எடுத்துக்கொண்டு போக அவர் விடுவதில்லை, ஆகவே திரும்பிப் போக பஸ்ஸையோ முச்சக்கர வண்டியையோ ஒழுங்கு செய்துகொண்டு வருவது நல்லது. மழை நாட்களில் பெயின்ட் வேலை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் போயா தினங்களிலும் கடை பூட்டியிருக்கும்.